போலந்தில் ஊற்றிய முதல் கூழ்

டேய் முரளி, நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்று போனில் அவ்வளவு சத்தம் போட்டவனுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும். "யம்மா, நான் வேலைய வுட்டுட்டு ஊருக்கே வந்துடறேன். நைனா இல்லாத ஊட்டுக்கு ஒரு ஆம்பள கை வோணும். எத்தினி நாளைக்குப் போன்லயே ஓட்டறது?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்று காலை பொன்னேரி மார்க்கெட்டில் மடவைக்கு விலை கேட்ட ஒரு டீச்சரம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அந்தம்மா மீனே வேண்டாம் என்று காய்கறிக் கடைப் பக்கம் போய்விட்டார். அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்.

போனில் உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. நான் ஒன்று சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அது சரியும் இல்லை, அம்மாவும் இல்லை, போனை வைக்கப் போகிறாய் என்று அர்த்தம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள் நான், எழுத ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன். ஆடிக் கூழ் அன்றைக்குப் போன் அணைந்துபோன பிறகு இங்கே என்ன நடந்தது என்று நீ கேட்கும்போதெல்லாம் "நல்லா முடிஞ்சுதுடா" என்று மட்டும் சொல்லிவந்தேன். நேரில் பார்க்கும்போது சொல்லலாம் என்று ஆசையாக வைத்திருந்தேன். நீ என்னடாவென்றால் பாதி தெரிந்துகொண்டு வேலையையே விடுகிறேன் என்கிறாய். மீதியையும் படி. அப்புறம் முடிவு பண்ணு. உன்னோடு தங்கியிருக்கும் ஷாஜிக்கும் படித்துக் காட்டு. அந்தக் கொல்லத்துக்காரனுக்கு நம் தமிழ் நன்றாகப் புரியும், திட்டும்போது மட்டும் புரியாத மாதிரி நிற்பான். அவனுக்காகவே சில விஷயங்களைக் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன்.

ஷாஜி, கடலும் ஏரியும் சேருகிற இடத்தில் இருக்கும் எங்கள் மீனவர் குப்பத்தில் ஆடி மாதம் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். எல்லா வீட்டுப் பானையும் கோயில் வாசலில் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் முதல் கூழை ஒரே ஒரு வீடுதான் ஊற்றும். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று பாடு பிரித்து முறை வைத்திருக்கிறோம் அல்லவா, அதே மாதிரி இதற்கும் முறை உண்டு. உன் முறையில் உன் படகு போகவில்லை என்றால் அடுத்தவன் வலை இறங்கிவிடும், அழுது பிரயோஜனம் இல்லை. கூழுக்கும் அதே கதைதான். முதல் கூழை வாங்குகிறவர் அந்த வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. கூப்பிட்டு வரவும் கூடாது. தானாக வாசலுக்கு வந்து கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற பானைகளின் மூடியைத் திறப்பார்கள். உச்சி பூஜை மணி அடிப்பதற்குள் இது நடக்கவில்லை என்றால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஊற்றுவது வீட்டு ஆண்பிள்ளையின் கையாக இருக்க வேண்டும் என்பதும் வழக்கம்.

முரளி, போன தடவை நம் வீட்டு முறை வந்தபோது ஊற்றியவர் உங்கள் நைனா. நீ அப்போது இடுப்பில் இருந்தாய். கடலில் எவ்வளவு காற்று அடித்தாலும் கை நடுங்காத மனுஷன், அன்றைக்கு அகப்பையைப் பிடித்ததும் அப்படி நடுங்கினார். பாதிக் கூழ், வாங்க வந்தவரின் வேட்டியில் விழுந்தது. பொன்னேரிப் பக்கத்திலிருந்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்த மனுஷர் அவர். "பரவால்லபா, அம்மன் எனக்கு வேட்டிக்கும் சேத்து குட்த்துட்டா" என்று சிரித்துக்கொண்டே போனார். அதைச் சொல்லிச் சொல்லியே உங்கள் நைனாவை நான் ஆயுசு முழுக்க ஓட்டினேன். குப்பம் முழுக்கச் சுற்றி முறை திரும்ப நம் வீட்டுக்கு வரும்போது அவர் இல்லை. இந்த முறையை விட்டால் அடுத்தது வருகிறபோது நான் இருப்பேனா என்பதே சந்தேகம். அதனால்தான்டா அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன்.

மீன் ஏலக் கூடத்தில் கிராமத்தார் கூடினார்கள். ஊர்த் தலைவர் ஏழுமலை மாமா கட்டை நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே, "பையன் வரலன்னா முறை தேசம்மா ஊட்டுக்குப் போவுது. இதுல பேச இன்னா கீது?" என்றார். தேசம்மாவைச் சொல்ல வேண்டுமா? பக்கத்து வீடு, மார்க்கெட்டிலும் பக்கத்துக் கூடை. என் மீனைப் பார்க்க வந்தவர்களை "இங்க வாம்மா, இது இப்பதான் கரை ஏறிச்சு" என்று இழுக்கிறவள். அவள் அன்றைக்குத் தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு, முறை கைக்கு வந்துவிட்ட மாதிரியே நின்றாள்.

"ஏன், நான் ஊத்தறேன்" என்றேன். கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான். "அது வழக்கம் இல்லம்மா" என்றார் மாமா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, இன்றைக்குப் பஸ் இல்லை என்கிற மாதிரி சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அழுகைதான் வந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவசரமாக வாயில் வந்ததைச் சொன்னேன். "அப்ப அவனே ஊத்துவான். அவன் கீற ஊர்லயே ஊத்துவான். நீங்க போன்ல பாத்துக்கங்க."

"போன்லயா? இன்னாம்மா, அம்மன் காரியத்துல வெளையாட்டா?"

"ஏன் மாமா, உங்க பேத்தி நிச்சயதார்த்தத்துக்கு மாப்ள துபாய்லருந்து போன்ல தான வந்தாரு? போனுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வெச்சி, மாலை வேற போட்டீங்களே. அது எந்த வழக்கம்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா பல் குத்துவதை நிறுத்திவிட்டு நிபந்தனை போட்டார். நம் ஊர் கேழ்வரகு, நம் ஊர் கருவாடு, நீயே காய்ச்சி நீயே ஊற்ற வேண்டும். ஒரே அடுப்பில் சாப்பிடுகிற சிநேகிதர்கள் வீட்டாள் கணக்கு, அவர்கள் வாங்கினால் செல்லாது. வெளியாள் ஒருத்தர் தானாக வந்து கேட்க வேண்டும். "பையன் ஒத்துக்கினானா?" என்று கேட்டார். "ஓ, குஷியா ஒத்துக்கினான்" என்றேன். உன்னிடம் அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி சொன்னபோது நீ குதித்த குதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "யம்மா, இந்த ஊர்ல எவனும் எவன் வாசலுக்கும் வர மாட்டான். பக்கத்து ஊட்டுக்காரன் பேரே எனக்குத் தெரியாது. எவன் வந்து கூழு கேப்பான்?" என்றாய். எனக்கு முறையைப் பற்றிய கவலை அப்போது கொஞ்சம் விலகி, இவன் இத்தனை நாள் அங்கே எப்படித்தான் இருக்கிறான் என்று வேறு கவலை வந்து உட்கார்ந்தது.

அனுப்பம்பட்டிலிருந்து உன் கம்பெனிக்கே வேலைக்கு வந்த தம்பியிடம் மாவும் கருவாடும் கொடுத்தனுப்பினேன். வாளைக் கருவாட்டை பிளாஸ்டிக்கில் சுற்றி, பேப்பரில் சுற்றி, என் பழைய புடவையில் சுற்றி, அதையும் ஒரு ரப்பர் பையில் போட்டேன். அப்படியும் அந்தத் தம்பி ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணி, "அக்கா, நான் வரிசைல நின்னா முன்னாடியும் ஆள் இல்ல, பின்னாடியும் ஆள் இல்ல. ஆனா ஒண்ணு, சீக்கிரம் முடிஞ்சுடுச்சு" என்றான். நல்ல பையன். அவன் சட்டையெல்லாம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுச் சொல்.

அப்புறம் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து கூழ் காய்ச்சிய அழகு! வெல்டிங் என்றால் காட்டுப்பள்ளிக் கப்பல் பட்டறையில் கற்றுக்கொண்ட கை, கண்ணை மூடிக்கொண்டு செய்வாய். கூழுக்கு "தண்ணி எத்தினி லிட்டர்?" என்று கேட்கிறாய். கூழுக்கு லிட்டர் ஏதடா? நொய் கிடைக்கவில்லை என்று ஷாஜி அரிசியைத் துணியில் கட்டிப் பட்டறைச் சுத்தியால் அடித்தான். நொய்யும் ஆகவில்லை, மாவும் ஆகவில்லை, துணி மட்டும் கிழிந்தது. "அம்மே, குறச்சு தேங்கா இட்டா நல்ல டேஸ்ட் ஆணு" என்று வேறு வந்தான். அம்மனுக்குக் கூழா, இல்லை உங்கள் ஊர் பாயசமா என்று நான் போட்ட சத்தத்தில் அவன் போனை உன் கையில் திணித்துவிட்டு ஓடியே போனான். அந்த நேபாளத்துப் பையன் கிஷன் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் கட்டி தட்டாமல் கிண்டினான். அவர்கள் ஊரிலும் கேழ்வரகு உண்டாம். மாமியார் வீட்டுக்குப் போனால் பிழைத்துக்கொள்வான். பானைக்கு வேப்பிலை வேண்டுமே என்றதற்கு ஷாஜி தெருவில் இருந்த ஏதோ மரத்தில் ஒடித்து வந்து கட்டினான். பார்க்க வேப்பிலை மாதிரியேதான் இருந்தது. கசக்குதா என்று கேட்டேன். கடித்துப் பார்த்து, "நல்லா கசக்குது" என்றான். அம்மன் அதையும் வேப்பிலை என்றே எடுத்துக்கொண்டிருப்பாள்.

கூழ் ஊற்றும் நாள் வந்தது. இங்கே உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது, உனக்கு அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை காலை. என் போனை கோயில் தூணில் வலை நூலால் கட்டினார்கள். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று மைக்கை அதற்கு முன்னால் வைத்தார்கள். அதனால் ஷாஜி அங்கே "உப்பு மதியோ?" என்று கூழுக்கு உப்பு போதுமா எனக் கேட்டது இங்கே முகத்துவாரம் வரைக்கும் கேட்டது. நடுவில் நம் வீட்டுப் பானை, மஞ்சள் பூசி, மூடி போட்டு. பக்கத்திலேயே தேசம்மா வீட்டுப் பானை, அடுத்து ஊரார் பானைகள். பம்பைக்காரர்கள் தயாராக நின்றார்கள். குழந்தைகளெல்லாம் சொம்பும் தூக்குமாக நின்றன. அங்கே உன் வாசல் கதவு திறந்திருந்தது. படிக்கட்டு காலியாக இருந்தது. நீ அகப்பையோடு மாப்பிள்ளை மாதிரி நின்றாய். யாரும் வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாய் என்று எனக்குத் தெரியாது. இங்கே குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்துவிட்டன. திடீரென்று உன் வாசலில் ஒருத்தர் வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு. "அம்மா, கூழு!" என்றார். எல்லாரும் எழுந்தோம். பம்பைக்காரர் கோலை ஓங்கிவிட்டார். ஏழுமலை மாமா மட்டும் போனுக்குக் கிட்டே மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "டேய், இவன் காலைல வெங்காயம் உரிச்சினு இருந்தவன் தானடா?" என்றார். ஷாஜி தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனான். ஷாஜி, உன் நல்ல மனசு எனக்குத் தெரியும், ஆனால் வேஷம் போடுகிறவன் காலில் இருக்கும் செருப்பையாவது மாற்ற வேண்டாமா?

அப்புறம் மேல் மாடியிலிருந்து ஒரு பொம்பளை நாயோடு இறங்கி வந்தாள். அந்த நாய் உன் வாசலில் நின்று, உள்ளே பார்த்து, நகர மாட்டேன் என்றது. அவள் கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள், அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. "கூப்டாம அதுவா வந்து கேக்குது, ஊத்தலாமா?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான். கிராமத்தார் அதையும் உட்கார்ந்து பேசினார்கள் என்றால் நம்புவாயா? மாமா தலையை ஆட்டி வேண்டாம் என்பதற்குள் அவள் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பூசாரி மணிக்குக் கீழே போய் நின்றார். தேசம்மா தன் பானை மூடி மேல் கையை வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உன் வீட்டில் கருவாட்டுக் குழம்பே கண்ணில் படவில்லையே என்று. "டேய், கொழம்பு எங்கடா?" என்று கத்தினேன். நீ திருட்டு முழி முழித்தாய். "மூடி உள்ள வெச்சுகீறேன்மா. ஜன்னல் எல்லாம் சாத்திட்டேன். இவுங்களுக்கு இந்த வாசன ஆவாது, கலீஜுன்னு சொல்லுவாங்க."

அப்படிச் சொல்ல வாய் வந்ததேடா உனக்கு! ஏரித் தண்ணியிலும் கருவாட்டிலும் வளர்ந்த உடம்பு உன்னது. அந்த வாசனையை ஒளித்து வைத்துக்கொண்டு வாசலைத் திறந்து வைத்தால் எவன் வருவான்? "மூடியத் தெற. அடுப்ப ஏத்து. ஜன்னல் அத்தனையும் தெறந்து வுடு" என்றேன். "யம்மா, போலீஸ் வரும்மா!" என்று நீ அலறினாய். "வரட்டும்டா, போலீஸ்காரனும் வெளியாளுதான்!" என்றேன். மைக்கில் குப்பம் முழுக்கக் கேட்டது. இப்போதும் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

குழம்பு கொதித்துக் கொஞ்ச நேரத்துக்குள் கீழே ஒரு கதவு படாரென்று திறக்கும் சத்தம் கேட்டது. தடதடவென்று படி ஏறி உங்கள் கீழ் வீட்டுக்காரர் வந்து நின்றார். யப்பா, என்ன உடம்பு! கால் சட்டை, பனியன், சிவந்த முகம், நரைத்த மீசை. மூக்கைக் காட்டுகிறார், உன்னைக் காட்டுகிறார், கீழே தன் வீட்டைக் காட்டுகிறார், ஒரே கத்தல். நீ பேயறைந்த மாதிரி நின்றாய். ஷாஜி உன் பின்னால் ஒளிந்துகொண்டான். "இன்னா சொல்றான்?" என்றார் மாமா. "தூங்கறவன எழுப்பிட்டீங்களேன்னு திட்றாரு தாத்தா" என்றாய். திட்டிக்கொண்டே இருந்தவர் பானையை எட்டிப் பார்த்தார். குனிந்து மோந்தார். சத்தம் நின்றது. உன்னை ஒரு பார்வை பார்த்தார், திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

"போச்சு" என்றான் ஒருத்தன். பூசாரி மணிக் கயிற்றைப் பிடித்தார். தேசம்மா மூடியைத் தூக்கிவிட்டாள், அவள் வீட்டுக் கூழின் வாசனை என் மூக்கில் ஏறியது. எனக்கு உங்கள் நைனா ஞாபகம் வந்து கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைக் கட்டிய நூலை அவிழ்க்கலாம் என்று தூணிடம் போனேன். அப்போது அதில் தெரிந்தது. அந்த மனுஷர் திரும்பப் படி ஏறி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் பெரிய பீங்கான் கிண்ணம், இன்னொரு கையில் கரண்டி. உன் முன்னால் வந்து நின்று கிண்ணத்தை நீட்டினார். ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் குடுன்றாரும்மா" என்றாய்.

"பாத்திரம் எட்த்துகினு வந்துகீறான்யா!" என்று ஏழுமலை மாமா மைக்கைப் பிடித்துக் கத்தினார். நம் ஊர் ஆட்கள் சொம்பைத் தூக்கிக்கொண்டு வருவது மாதிரி அவரும் தன் வீட்டுக் கிண்ணத்தைக் கொண்டுவந்ததைப் பார்த்த பிறகு யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. நீ ஊற்றினாய். கை நடுங்கியது, ஆனால் ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. அதில் நீ நைனாவை ஜெயித்துவிட்டாய். அவர் கால் சட்டைப் பைக்குள்ளிருந்தோ எங்கிருந்தோ ஒரு அவித்த முட்டையை எடுத்து, இரண்டாகப் பிய்த்துக் கூழில் போட்டார். "இன்னாடா, அம்மன் கூழுல முட்டய போடறான்!" என்று இங்கே ஒரே கூச்சல். கருவாடு ஆகும்போது முட்டை ஆகாதா என்று பூசாரியே சொல்லிவிட்டார். அந்த மனுஷர் நின்றபடியே குடித்து, மீசையைத் துடைத்து, கிண்ணத்தை மறுபடி நீட்டினார். பம்பை அடித்தது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். அவர்கள் ஊரில் ஏதோ தானியத்தைப் புளிக்க வைத்து இப்படித்தான் காய்ச்சிக் குடிப்பார்கள், அவர் அம்மா போன பிறகு அவருக்கு யாரும் செய்து தரவில்லை என்று நீ மறுநாள் சொன்னாய். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள்டா நீங்கள். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டதால் இது தெரியாமல் போயிற்று. இனிமேல் எதைச் சமைத்தாலும் ஜன்னலைத் திறந்து வை. திட்ட வருகிறவனும் வருகிறவன்தான்.

அந்தக் குலவை நடுவிலேயே வெயிலில் கொதித்துப்போன என் போன் அணைந்தது. நீ பார்த்தது அவ்வளவுதான். இனிமேல் நீ பார்க்காதது.

குலவை ஓய்ந்ததும் ஏழுமலை மாமா, "சரி, மொதல்ல முரளி ஊட்டுப் பானையத் தெறங்க" என்றார். திறந்தார்கள். அதற்கப்புறம் யாரும் நகரவில்லை. எங்கேயோ இருக்கிற போலந்தைப் பற்றியே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, இங்கே இருக்கிற பானையை யார் ஊற்றுவது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டுக் கைதான் ஊற்ற வேண்டும். அந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. மாமா என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். பூசாரி பூசாரி வேலையைப் பார்த்தார். ஏலக் கூடத்தில் ஒரு தடவை கேட்டு இல்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டேனே, மறுபடி ஊர் முன்னால் கேட்க என்னால் முடியவில்லைடா.

அப்போது தேசம்மா வந்தாள். ஆமாம், அதே தேசம்மாதான். தன் அகப்பையை எடுத்துக்கொண்டு நேராக வந்து என் கையில் திணித்தாள். "இன்னாமே மரம் மாதிரி நின்னுகினுகீற? எவனோ வெள்ளக்காரன் முட்ட போட்டுக் குடிச்சது அம்மனுக்கு ஒத்துக்கிச்சு, உன் கை ஒத்துக்காதா? புள்ளைங்கோ பசில கத்துதுங்கோ. ஊத்து" என்றாள். மாமா பக்கம் திரும்பி, "இன்னா பெரிப்பா, நான் சொல்றது?" என்றாள். மாமா இன்னமும் வானத்தில்தான் இருந்தார். கூட்டம் அவரையே பார்த்தது. அவர் மெதுவாகப் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்தார். என் முன்னால் வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமல் சொம்பை நீட்டினார். "ஊத்தும்மா. கருவாடு நெறய போடு" என்றார்.

ஊற்றினேன் முரளி. பானை காலியாகும்வரைக்கும் நான்தான் ஊற்றினேன். குழந்தைகள் வந்தார்கள், வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், எளாவூரிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் இரண்டு தடவை வந்தார். கை வலிக்கவே இல்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. அழுதுகொண்டேதான் ஊற்றினேன், வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். தேசம்மா மட்டும் "வெங்காயமாம் வெங்காயம்" என்று முணுமுணுத்தாள். அவளோடு இன்றைக்குக் காலையிலும் மார்க்கெட்டில் சண்டைதான். அது வேறு.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அங்கே வேலை பிடிக்கவில்லை என்றால் வா. குளிர் தாங்கவில்லை என்றால் வா. ஏரி இறால் தின்ன ஆசையாக இருந்தால் வா. என்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தால் அடுத்த பிளேனிலேயே வா, உன்னை நினைத்து நான் சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வீட்டுக்கு ஒரு கை இல்லை என்று மட்டும் வராதே. அப்படி வந்தால் உள்ளே விட மாட்டேன். வருகிறபோது பசியோடு வா, போதும். ஊற்றுவதற்கு நான் இருக்கிறேன்.

உன் அம்மா